அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற பாடம்

எங்கள் நிலையத்தை நடத்திய சேருக்கு விழா எடுக்கிறார்களாம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக அவர் ஆற்றிய சேவையைப் பாராட்டி. நிலையத்தில் இப்போது வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் கல்முனையில் என் வீட்டுக்கு வந்து, விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். "பழைய நினைவுகள் மிஸ். சேரோட வேலை செஞ்ச காலத்துல நடந்த நல்ல நல்ல விசயங்களா எழுதுங்க" என்றாள் மூத்தவள். பிளேன்டி குடித்தார்கள். என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் நிலையத்துக்கு வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அஸ்மா என்ற பெயரை அங்கே யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நல்ல விசயங்களாகவும் வரவில்லை. இதை மலரில் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால், உடைந்த கதிரைகள் அடுக்கிவைத்திருந்த ஓர் அறை. மற்ற வகுப்புகளில் வைத்திருக்க முடியாத பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு சொல்லும் பேசாதவர்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் பக்கத்தில் இல்லை. அதற்காகவே கொழும்புக்குப் போய்ப் பேச்சுச் சிகிச்சை படித்தேன். திரும்பி வந்தபோது, எங்கள் கரையோர ஊர்களில் என்னைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் திக்குவாய் மாப்பிள்ளைகளின் உம்மாமார்தான். "கலியாணத்துக்கு முந்தி சரியாக்கித் தாங்க மிஸ்" என்பார்கள். பேசவே பேசாத பிள்ளைகளை யாரும் கொண்டு வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் வீடுகளின் பின்னறைகளில் இருந்தார்கள்.

நிலையத்தைத் தொடங்கி, என்னையும் வேலைக்கு எடுத்து, அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று முதலில் சொன்னவர் சேர்தான். அதை மறைத்து எழுதினால் நானும் பொய் சொன்னவளாவேன்.

சேர் வெளிநாட்டில் உளவியல் படித்தவர், கொழும்பில் வளர்ந்தவர். எங்கள் ஊர்த் தமிழ் அவருக்கு வராது. புத்தகத்தில் இருப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். பிள்ளையின் தோலில் உலோகம் பட்டு அது திடுக்கிடக் கூடாதாம். வீட்டார் போடும் கதிரையில் உட்கார மாட்டார். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே, சற்றுத் தள்ளித் தரையில் உட்காருவார். பேச மாட்டார். பிள்ளையை நேராகப் பார்க்கவும் மாட்டார். பிள்ளை நெல் மணிகளைக் கையால் அளைந்துகொண்டிருந்தால் அவரும் ஒரு பிடி நெல்லை எடுத்து அளைவார். ஒரு மணித்தியாலம் போனாலும் போகும். வீட்டார் பொறுமையிழந்து என்னைப் பார்ப்பார்கள். நான் சேரைப் பார்ப்பேன். அவர் அசைய மாட்டார். கடைசியில் பிள்ளை தானாக வந்து அவர் முழங்காலைத் தொடும்.

"முதலில் பாருங்கள் மிஸ். பிள்ளை ஒன்றைச் செய்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். காரணம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தலையைச் சுவரில் மோதாது." இது அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது. இந்த வசனத்தை நான் இன்றுவரை நம்புகிறேன். அவர் எப்போது நம்பாமல் போனார் என்பதைத்தான் எழுத வேண்டும்.

பெரிய ஆய்வொன்று நிலையத்துக்குக் கிடைத்தது. வீட்டில் வைத்துப் பெற்றோரே கொடுக்கக்கூடிய பயிற்சி ஒன்று. அது பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும். வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே பயிற்சி, மற்றப் பகுதி காத்திருக்கும். பிறகு ஒப்பிடுவார்கள். பலன் வந்தால் கிழக்கு மாகாணம் முழுவதும் கொண்டுபோகலாம். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து, எங்கள் மொழியில், முறையாக ஓர் ஆய்வு நடப்பது அதுவே முதல் தடவை என்று சேர் சொன்னார்.

பயிற்சி இதுதான். பிள்ளையை ஒரு கதிரையில் இருத்த வேண்டும். இரண்டு கையையும் மடியில் வைக்கப் பழக்க வேண்டும். கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். செய்தால் உடனே ஒரு துண்டு பிஸ்கட். கத்தினாலோ, அடித்துக்கொண்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது, பார்க்கக் கூடாது. கவனம் கிடைப்பதால்தான் பிள்ளை கத்துகிறது, கவனத்தை நிறுத்தினால் கத்தலும் நிற்கும் என்பது கணக்கு. தாய்மாருக்கு நடந்த வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள்: "நீங்கள் கவனிக்காமல் விடத் தொடங்கியதும் முதலில் கத்தல் கூடும். பயப்படாதீர்கள். கூடினால், பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்."

இந்த வசனத்தை ஒருமுறை திருப்பி வாசித்துப் பாருங்கள். பிள்ளை கூடுதலாகக் கத்தினால் பயிற்சி நன்றாகப் போகிறது. கத்தாமல் விட்டாலும் பயிற்சி நன்றாகப் போகிறது. பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்தால் அதைத் தெரிந்துகொள்ள அந்தத் திட்டத்தில் எங்கே இடம்?

அஸ்மா நிந்தவூர்ப் பிள்ளை. அப்போது பதினொரு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு இல்லை. மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். உம்மா ஜெமீலா தனியாகத்தான் அவளை வளர்த்தாள். ஜெமீலாவின் தம்பி வயல் செய்பவர், அவருடைய நெல் மூட்டைகள் இந்த வீட்டு விறாந்தையில்தான் அடுக்கிக் கிடக்கும். அஸ்மா ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாள். அப்போது அவள் முகத்தில் வரும் அமைதியை வேறு நேரத்தில் பார்க்க முடியாது. மற்ற நேரங்களில் திடீரெனக் கத்துவாள், முஷ்டியால் தன் தாடையில் குத்துவாள். தாடையின் ஒரு பக்கம் கறுத்துத் தடித்துப்போயிருந்தது.

முதல் நாள் நான் ஜெமீலாவிடம் கேட்டேன். "அஸ்மா என்ன படிச்சா நல்லம் எண்டு நினைக்கிறீங்க?"

"கதைக்கணும், எழுதணும் எண்டெல்லாம் எனக்கு ஆசை இல்ல மிஸ்" என்றாள். "எங்க நோகுதெண்டு சொன்னாப் போதும். காதா, பல்லா, வயிறா எண்டு எனக்குத் தெரியா. அவ கத்துவா, நான் உடம்பெல்லாம் தடவித் தடவிப் பாப்பன். சிலநேரம் அவட கை என்ட கையப் பிடிச்சி ஒரு இடத்துல வைக்கும். சிலநேரம் வைக்காது."

இதைத்தான் நான் நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். கதிரையில் இருத்துவதற்கு முதல், அஸ்மாவுக்கு இரண்டு சொல் கொடுப்போம். நாவால் அல்ல, படத்தால். ஒன்று 'நோகுது'. மற்றது 'வேணாம்'. படத்தை எடுத்து நம் கையில் தரப் பழகினால் போதும். அவள் அதற்கு ஆயத்தமாக இருக்கிறாள், உம்மாவின் கையைப் பிடித்து வைக்கிற பிள்ளைக்கு இது பெரிய தூரமில்லை.

சேர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அது திட்டத்தில் இல்லை மிஸ். ஒரு வீட்டில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற வீடுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். ஆய்வு முடியட்டும்."

"முடியும் வரைக்கும் அவளுக்கு நோகாதா சேர்?"

சேர் சிரித்தார். "அதைவிட, 'வேண்டாம்' என்று சொல்ல முதல் நாளே பழக்கினால், இரண்டாம் நாள் பயிற்சி எப்படி நடக்கும்?"

மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அது பகிடியாகத்தான் சொல்லப்பட்டது. ஆனால் திட்டத்தின் உள்ளே இருந்த உண்மை அந்தப் பகிடியில் வெளியே வந்துவிட்டது. பிள்ளை மறுத்தால் ஆய்வு நடக்காது. ஆகவே மறுக்க ஒரு சொல் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது. நான் திரும்பவும் கேட்டேன். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். எழுத்திலும் கேட்டேன். பதில் மாறவில்லை.

அஸ்மா விரைவாகப் படித்தாள். மாதங்கள் போகப் போகக் கதிரையில் இருந்தாள், கையை மடியில் வைத்தாள். தாடையில் குத்துவது குறைந்தது. ஜெமீலாவின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. நிலையத்துப் பயிற்றுநர் ஒருத்தி வாரா வாரம் வந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளை மாறுகிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் நெல் மூட்டைக்குப் போவதை விட்டுவிட்டாள் என்பதை யாரும் சொல்லவில்லை. அதைக் கவனிக்கும்படி யாரிடமும் கேட்கப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் நிந்தவூருக்குப் போனேன். பேச்சு மதிப்பீட்டுக்காகப் போகும் வழக்கமான நாள்தான். ஜெமீலா கேற்றைத் திறந்தாள். கண்கள் சிவந்து களைத்துப்போயிருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

"வாங்க மிஸ். வியாழக்கிழமையிலிருந்து ஒரே கத்தல். இந்த அளவுக்கு ஒருநாளும் கத்தினதில்ல. என்னப் பிடிச்சி இழுத்தா, நிலத்துல விழுந்து உருண்டா. பயிற்சி மிஸ்ஸுக்குப் போன் பண்ணினன். இதுதான் அந்தக் கூடுற நேரம், இப்ப திரும்பிப் பார்த்தா இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் போயிரும் எண்டாங்க. நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன். திரும்பிப் பாக்கல்ல. நேத்துப் பின்னேரம் நிண்டிட்டு மிஸ். அதுக்குப் பொறகு ஒரு சத்தம் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

உள்ளே போனேன். அஸ்மா கதிரையில் இருந்தாள். இரண்டு கையும் மடியில். முன்னால் இருந்த சிறிய மேசையில் பிஸ்கட் துண்டு அப்படியே கிடந்தது. பிஸ்கட்டை விட்டுவைக்கும் பிள்ளை அல்ல அவள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெற்றியில் வியர்வை. முழங்கால்களைச் சற்று உயர்த்தி முன்னால் குனிந்திருந்தாள், ஆனால் கைகள் மட்டும் மடியைவிட்டு நகரவில்லை. நான் அவள் கையைத் தொட்டேன். நெருப்பு. வயிற்றில் விரலை வைத்தேன். பலகைபோல இறுகியிருந்தது. அவள் உடம்பு முழுவதும் ஒருமுறை உதறியது. சத்தம் வரவில்லை. கண்ணை உயர்த்தி என் கண்ணைப் பார்த்தாள், பயிற்சியில் பழக்கியபடி.

வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையை மட்டும் என்னால் விட முடியவில்லை. வேதனையில் இருக்கும் ஒரு பிள்ளை, நல்ல பிள்ளையாக இருந்துகொண்டிருந்தது.

சந்தியில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டோம். ஜெமீலா அஸ்மாவை மடியில் வைத்துக்கொண்டாள். வீதியின் ஒவ்வொரு குழியிலும் ஆட்டோ குலுங்கக் குலுங்க அஸ்மா பல்லைக் கடித்தாள். "அழு புள்ள, அழுடா" என்று நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் அழவில்லை.

ஆஸ்பத்திரி வார்ட்டில் பார்த்த இளம் டொக்டர் வயிற்றில் கை வைத்ததுமே முகம் மாறிவிட்டார். அப்பெண்டிக்ஸ் உள்ளே வெடித்துவிட்டது என்றார். வெடித்ததும் சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி குறைந்ததுபோல இருக்குமாம், பிறகு நஞ்சு பரவுமாம். நேற்றுப் பின்னேரம் வந்த அமைதி அதுதான். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்துகொண்டே ஜெமீலாவைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: "ரெண்டு நாளாப் பிள்ளை வேதனைப்பட்டிருக்கு. நீங்க என்ன பார்த்துக்கொண்டா இருந்தீங்க?"

"பார்க்கல்ல டொக்டர்" என்றாள் ஜெமீலா. "அழுதாத் திரும்பிப் பார்க்கக் கூடாது எண்டு படிப்பிச்சித் தந்தாங்க."

டொக்டர் கையில் இருந்ததை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய நிலையத்து அட்டையைப் பார்த்தார். அஸ்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்துக்கொண்டாள். அல்லாஹ் பெரியவன், அந்த டொக்டரும் கெட்டிக்காரர். ஆனால் வயிற்றைத் திரும்பவும் திறந்து கழுவ வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாள். ஊசி போட வருபவர்களைக் கண்டதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். தாதிமார் "எவ்வளவு நல்ல புள்ள" என்பார்கள். ஜெமீலா வெளியே போய்விடுவாள்.

சேர் பார்க்க வந்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "இது யாருடைய தவறும் இல்லை. இறைவன் காப்பாற்றினான்" என்று ஜெமீலாவிடம் மெதுவாகச் சொன்னார். அவர் போன பிறகு ஜெமீலா என்னிடம் கேட்டாள்:

"யார்ட பிழையும் இல்லாட்டி, ஏன் மிஸ் இந்த வார்ட்டுல எல்லாரும் என்னயப் பார்க்காங்க?"

அடுத்த கூட்டத்தில் நான் உட்காராமலே பேசினேன். ஆய்வை நிறுத்த வேண்டும், இன்றைக்கே எல்லாத் தாய்மாருக்கும் சொல்ல வேண்டும், பிள்ளை கத்தினால் முதலில் உடம்பைப் பாருங்கள், டொக்டரிடம் காட்டுங்கள் என்று.

"அப்பெண்டிக்ஸ் எந்தப் பிள்ளைக்கும் வரும் மிஸ்" என்றார் சேர், அதே மெல்லிய குரலில். "நமது பயிற்சி அதை உண்டாக்கவில்லை."

"நோயை உண்டாக்கல்ல சேர். தாயைத் திரும்பிப் பார்க்க விடாமச் செஞ்சது நம்மட பயிற்சி."

"ஒரு சம்பவத்தை வைத்து ஒரு திட்டத்தைத் தீர்மானிக்க முடியாது."

"காரணம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் கத்தாது எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எதிர்பார்த்தது ஒரு மறுப்பு. அவர் சொன்னது வேறு: "தாய்மாருக்கு நாம் இதைச் சொன்னால், எல்லோரும் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆய்வு அந்த நாளோடு முடிந்தது. இத்தனை பேருடைய உழைப்பு. இந்தப் பிரதேசத்துக்கு இனி இப்படி ஒன்று வரவே வராது."

அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். தெரியாமல் செய்பவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். ஒரு பிள்ளைக்காக ஒரு மணித்தியாலம் தரையில் உட்காரத் தெரிந்தவர். பிள்ளையின் தோலில் கடிகாரம் படக் கூடாது என்று நினைத்தவர். ஆய்வு கையில் வந்ததும் பிள்ளை அவருக்கு ஒரு இலக்கமாகிவிட்டது. அந்த இலக்கத்துக்கு வயிறு இல்லை, பல் இல்லை, காது இல்லை.

அன்று பின்னேரமே நான் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ்க் குடும்பங்கள் சில இருந்தன, அங்கேயும் போனேன். நடந்ததைச் சொன்னேன். "அழுதாத் திரும்பிப் பாருங்க. முதல்ல உடம்பப் பாருங்க." எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். சிலர் கதிகலங்கிப்போய் உடனே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சிலர் முகம் கொடுக்கவில்லை. சாய்ந்தமருதில் ஒரு தாய் கேற்றிலேயே என்னை மறித்துக்கொண்டாள்.

"வந்து கெடுக்காதீங்க மிஸ்" என்றாள். "இவன் பிறந்த நாளிலிருந்து நான் ஒரு இடத்துல இருந்து சோறு திண்டதில்ல. இப்பதான் ஒரு வேளை இருந்து தின்னுறன். அதையும் பறிக்கவா வந்தீங்க?"

எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அவளுக்குப் பகலில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அனுப்ப ஒரு பாடசாலை இல்லை. ஒரு மாதத்துக்கு ஒருநாளாவது கை மாற்ற ஒரு சேவை இல்லை. எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு ஆய்வு வந்து, பிள்ளையைச் சத்தமில்லாமல் ஆக்கித் தருகிறேன் என்றது. பட்டினி கிடந்தவளிடம் சோற்றைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்வதா? சேவை என்று ஒன்றும் கொடுக்காத நாட்டில், ஆய்வைத்தான் சேவை என்று மக்கள் வாங்குகிறார்கள். பெற்றோர் விரும்பிச் சம்மதித்தார்கள் என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். வேறு வழி இருந்தவர்கள் சம்மதித்தால்தான் அது சம்மதம்.

என்னைக் களத்திலிருந்து நிறுத்தினார்கள். நான் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு முறையிட்டேன். குழுவினர் வந்து விசாரித்தார்கள். நான் பேசியதைவிட ஜெமீலா பேசியதைத்தான் சொல்ல வேண்டும். கறுப்பு அபாயாவில், கையில் ஒன்றுமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். குழுவில் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "நீங்கள் ஆய்வுக்குக் கையெழுத்து வைத்தீர்கள்தானே?"

"ஓம் சேர், வெச்சன்" என்றாள். "புள்ளைக்கு உதவி எண்டு சொன்னாங்க, வெச்சன். நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டன், நோகுதெண்டு சொல்ல ஒரு வழி காட்டுங்க எண்டு. கதிரையில இருக்கப் படிப்பிச்சாங்க. கையை மடியில வைக்கப் படிப்பிச்சாங்க. நான் கேட்டத மட்டும் படிப்பிக்கல்ல. அதப் படிப்பிக்க மாட்டம் எண்டு நான் கையெழுத்து வெச்ச பேப்பர்ல எங்க இருக்கெண்டு காட்டுங்க சேர்."

கேட்டவர் கோப்பை மூடி, நன்றி சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முடிவு என்ன தெரியுமா? இனிமேல் பயிற்சிக்கு முதல் ஒரு டொக்டர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. அவ்வளவுதான். ஆய்வு தொடர்ந்து நடந்து முடிந்தது. கட்டுரை வெளியானது. பயிற்சி நல்ல பலன் தருகிறதாம். நடுவில் ஒரு வரி இருந்தது: பங்குபற்றிய ஒருவர், ஆய்வோடு தொடர்பற்ற மருத்துவக் காரணத்தால் விலகினார். தொடர்பற்ற. அந்தச் சொல்லை எழுதியவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றவர்.

ஆய்வு முடிந்ததும் பயிற்றுநர்கள் போய்விட்டார்கள். காத்திருந்த வீடுகள் காத்திருந்தபடியே விடப்பட்டன. சேர் கொழும்பில் பெரிய இடத்துக்குப் போனார். எனக்கு நிலையத்தின் பின்னால் ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். அதில் இருந்துகொண்டுதான் ஓய்வு பெறும் வரை வேலை செய்தேன்.

அஸ்மாவை நாங்கள் விடவில்லை. கதிரையை ஜெமீலா வெளியே தூக்கிப் போட்டாள். நாங்கள் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் தொடங்கினோம், படங்களோடு. நான் நினைத்ததைவிட அது கடினமாக இருந்தது. மடியிலிருந்து கையை எடுக்க அவளைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை தன் கையை நீட்டலாம் என்பதை மறுபடி நம்பப் பல மாதங்கள் போயின. ஒருநாள் அவள் 'வேணாம்' என்ற படத்தை எடுத்தாள், என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள், என் முந்தானையைப் பிடித்துக் கேற் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் என்னை வெளியே விட்டாள். ஜெமீலா வெட்கப்பட்டு ஓடிவந்தாள். நான் வீதியில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். அன்று நான் திரும்ப உள்ளே போகவில்லை. அவள் சொல்லிவிட்டாள் அல்லவா? 'நோகுது' அதற்குப் பிறகு வந்தது. கடைவாய்ப் பல்லில் விரலை வைத்துக்கொண்டு படத்தை உம்மாவிடம் நீட்டினாள். பல்லைப் பிடுங்கிய பிறகு தாடையில் குத்துவது அநேகமாக நின்றுபோனது. அந்தப் பல் எவ்வளவு காலமாக நொந்ததோ தெரியாது. 'பிரச்சினைக்குரிய நடத்தை' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது அந்தப் பல்லுக்குத்தான்.

போன மாதம் நான் நிந்தவூருக்குப் போயிருந்தேன். அஸ்மா இப்போது வளர்ந்த பெண். கட்டாரிலிருந்து வாப்பா திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறார். ஜெமீலாவும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது கேற்றில் யாரோ தட்டினார்கள். கழுத்தில் அட்டை, கையில் தொடுதிரை டெப் ஒன்று, நல்ல பண்பான இளைஞர். புதிய ஆய்வாம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு வீட்டுப் பயிற்சியாம். எங்கிருந்தோ அஸ்மாவின் விவரம் கிடைத்திருக்கிறது.

ஜெமீலா கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாள்.

"தம்பி, புள்ள அழுதா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் சற்றுத் தடுமாறினார். "அதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கு ராத்தா. நாங்க உங்களுக்கு வகுப்புல விளக்குவோம்."

"வகுப்பு எனக்கு வேணாம். இப்ப சொல்லுங்க. அழுதா என்ன செய்வீங்க? வேணாமெண்டு சொன்னா என்ன செய்வீங்க?"

அவர் டெப்பைத் திறந்து எதையோ தேடினார். விரலால் மேலும் கீழும் தள்ளினார். பிறகு உதவிக்கு என்னைப் பார்த்தார், வயதான ஆள் ஒருவர் நல்ல வார்த்தை சொல்லித் தருவார் என்று.

"அது அவங்கட மகள், தம்பி. அவங்க கேக்காங்க. பதில் சொல்லுங்க" என்றேன்.

"நான் மேல கேட்டுட்டு வாறன்" என்றார்.

"கேட்டுட்டு வாங்க" என்றாள் ஜெமீலா. "எங்கட வளவுல இப்பிடிப் புள்ள இருக்கிற வீடு இன்னும் ரெண்டு இருக்கு, அவங்களும் இதத்தான் கேப்பாங்க. நான் சொல்லி வெச்சிருக்கன்."

அவர் வீதியில் நின்று போனில் யாரோடோ கதைத்தார். வெயிலில் நெடுநேரம் நின்றார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துகொண்டு கல்முனைப் பக்கம் போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை என்று ஜெமீலா நேற்று போனில் சொன்னாள்.